ஊமைச் சக்கரம்

இறந்துபோன மெக்கானிக்கின் சட்டைப் பையிலிருந்து எடுத்த சீட்டில் ஆறே வார்த்தைகள்தான் இருந்தன.

‘ஒண்ணு பாடுது. ஒண்ணு ஊமை. நாளைக்கே சொல்லிடணும்.’

சர்வேயர் அதை மூன்றாவது தடவையாகப் படித்தார். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து ரிப்போர்ட் எழுதியவர். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருஷமாகியும் எல்லோருக்கும் அந்த அம்மாள் இன்னமும் சர்வேயர்தான்.

அவருடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது அவனோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

“மேடம், ஒண்ணு பாடுது, ஒண்ணு ஊமைன்னா, இது ஏதோ ரெண்டு பொண்ணுங்க விஷயம் மாதிரி...”

சர்வேயர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒலிபரப்பு பாதியில் நின்றது. மேஜைக்கு எதிரே மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தையல் வேலை செய்கிறவள். ஊசி குத்தித் தழும்பேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“இந்தத் தம்பி சொன்னதுல தப்பில்லைங்க. போலீஸ் ஸ்டேஷன்லயும் இதையே சொல்லித்தான் சிரிச்சாங்க. பக்கத்து வீட்டுல இருக்கறவங்க பார்வையே மாறிப்போச்சு. அஞ்சு நாளா இந்தச் சீட்டு என்னைப் பிச்சுத் தின்னுது. பொண்ணு விஷயமா, வேற எதாவதான்னு மட்டும் சொல்லிடுங்க.”

“மன்னிச்சுக்குங்கம்மா,” என்றான் ரேடியோ. இந்த முறை நிஜமாகவே குரல் இறங்கியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் தன் கராஜில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி நழுவி, வண்டி நெஞ்சின்மேல் இறங்கிவிட்டது. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

“முப்பது வருஷமா வண்டிக்கு அடியில படுக்கறவர்,” என்றாள் அவள். “நாலு பக்கமும் வண்டியைத் தாங்கற ஸ்டாண்டு வைக்காம தலையைக்கூட உள்ள நீட்ட மாட்டார். ஜாக்கியை நம்பறதும் ஓடற பஸ்ஸை நம்பி ரோட்டுல படுக்கறதும் ஒண்ணுன்னு சொல்லுவார்.”

சர்வேயர் கார் சாவியை எடுத்தார்.

*

கராஜ் தெருக்கோடியில் இருந்தது. தகரக் கூரை, ஒரே ஒரு பல்பு, தரையில் கறுத்துப்போன எண்ணெய்த் திட்டுகள். நடுவில் மட்டும் ஒரு இடத்தைப் புதிதாகக் கழுவிவிட்டிருந்தார்கள். மூன்று பேரும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான்கு ஸ்டாண்டுகளும் அலமாரியில் வரிசையாக, துடைத்து வைத்தபடி இருந்தன.

“அவசரத்துல எடுக்க மறந்துட்டாருன்னு போலீஸ் சொல்லுது,” என்றான் ரேடியோ. “பல்லு விளக்க மறக்கலாம். இதை மறப்பாங்களா?”

சர்வேயர் அண்ணாந்து பார்த்தார். கூரைக் கம்பியிலிருந்து முகத்துக்கு நேராக ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே வேலை மேஜையில் ஒரு மரச் சுத்தியல். மேஜைத் தூசியில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு வட்டத் தடம். ஏதோ கனமான பொருள் இருந்து, பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது.

“தூக்கு மாட்டற சுருக்கு மாதிரியே இருக்கு மேடம். ஆனா இதுல மாட்டணும்னா ஆளு பூனை சைஸ்ல இருக்கணும்.”

“ஆளை மாட்ட இல்ல,” என்றார் சர்வேயர். “எதையோ தொங்கவிட்டுத் தட்டியிருக்கார். இரும்புச் சுத்தியல் இல்ல, மரச் சுத்தியல். அடிபடக் கூடாத சாமான்.”

மேஜைக்கு அடியில் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டும், ஒரு பழைய கனத்த ஃப்ளைவீலும் கிடந்தன. இன்ஜினின் பின்பக்கத்தில் சுழன்றுகொண்டே இருக்கும் சக்கரம் அது. கிளட்ச் போய் ஒட்டுவது அதன்மேல்தான்.

“இது கார் ரேஸ் ஓட்டற ஒரு தம்பியோட வண்டியில இருந்து கழட்டினது,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. “புதுசு மாட்டறதுக்காக விட்டுட்டுப் போயிருந்தாங்க. அவர் போன மறுநாளே வந்து வண்டியையும் புதுச் சாமானையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

“யார் வந்தாங்க?”

“அந்தத் தம்பியும் அவரோட மாமாவும். ரொம்ப நல்ல மனுஷங்க. அந்த மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்.”

ரேடியோ அவளிடம் நம்பர் வாங்கி, அங்கிருந்தே அந்த இளைஞனுக்குப் போன் போட்டு வண்டியைப் பற்றி விசாரித்தான். ஸ்பீக்கரில் உற்சாகமான குரல் வந்தது.

“மாமாவே மாட்டிக் கொடுத்துட்டாருங்க! அவர் யாரு, பழைய சாம்பியன் ஆச்சே. மூணு நாளா மெதுவாத்தான் ஓட்டறேன். புது கிளட்ச் பழகற வரைக்கும் இன்ஜினை நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல ஏத்தாதேன்னு சொல்லியிருக்காரு. இன்னிக்கு நாலு மணிக்கு மலைப்பாதையில பிராக்டிஸ். இன்னிக்குத்தான் முழுசா மிதிக்கப் போறேன். பாக்க வாங்களேன்!”

*

உதிரிபாகக் கடை மெயின் ரோட்டில் இருந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கேட்ட கேள்விக்குக் கேட்காத பதிலையும் சேர்த்துச் சொல்கிற ரகம்.

“என் தம்பி மாதிரி இருக்கார் மேடம்,” என்று ரேடியோவைக் காட்டினார் சர்வேயரிடம். ஏனென்றால் அதற்குள் ரேடியோ அவரோடு பத்து நிமிஷம் பேசி முடித்திருந்தான்.

“ரேஸ் தம்பி கிளட்ச் வாங்க வந்தப்ப என்ன நடந்துச்சு?”

“மாமனும் மச்சானுமா சேர்ந்துதான் வந்தாங்க. தம்பிக்கு ரேஸ்காரங்க போடற பட்டன் கிளட்ச்மேல ஆசை. நல்லாப் பிடிக்கும், இல்லேங்கல. ஆனா சுவிட்ச் போட்ட மாதிரி பிடிக்கும். ஒண்ணு வண்டி எகிறும், இல்ல நின்னுபோகும். மாமா வேண்டாம்னுட்டாரு. ‘லேசான ஃப்ளைவீல் போடப் போறே. அதுவே கிளம்பும்போது படுத்தும். நடுவுல ஸ்பிரிங் வச்ச சாதா பிளேட்டே போதும், கால் பழகினதா இருக்கணும்’னாரு. ஒவ்வொண்ணா கையில எடுத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பி... சொந்தப் புள்ளைக்குப் பொண்ணு பாக்கறவன்கூட அப்படிப் பாக்க மாட்டான்.”

“லேசான ஃப்ளைவீல் எதுக்கு?” என்றான் ரேடியோ. “கனமா இருந்தா பாதுகாப்புதானே?”

“கனமான சக்கரம் சோம்பேறி. சுத்த ஆரம்பிக்கவும் யோசிக்கும், நிக்கவும் யோசிக்கும். லேசானது கால் அசைஞ்ச உடனே பறக்கும். மலை வளைவுல அரை வினாடி, ஒரு வினாடின்னு மிச்சம் பிடிக்கலாம். அதுக்காகத்தான்.”

“மெக்கானிக் இங்க வந்தாரா?” என்றார் சர்வேயர்.

கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் விழுந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

“சனிக்கிழமை மத்தியானம் வந்தாரு. பேசவே இல்ல. தம்பிக்கு வித்த மாதிரியே சக்கரம் இன்னொண்ணு இருக்கான்னு கேட்டாரு. எடுத்துக் கொடுத்தேன். கம்பியில தொங்கவிட்டு மரக்கட்டையால ஒரு தட்டு தட்டி, காதைக் கிட்ட வச்சுக் கேட்டாரு. ‘நீ வித்தது எல்லாமே இப்படித்தான் பாடுமா’ன்னாரு. எல்லாமே பாடும்னேன். அவர் முகம் வெளிறிப் போச்சு. அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே...”

“எங்களுக்கும் ஒரு தடவை பாடிக் காட்டுங்க.”

கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கொக்கியில் மாட்டித் தட்டினார். கிணீர் என்று எழுந்த ஓசை கடை முழுக்கப் பரவி, அடங்க மனமில்லாமல் வெகுநேரம் இழைந்தது.

“அடிச்சு உருவாக்கின ஸ்டீல். லேசா இருந்தாலும் தாங்கும்.” பிறகு மூலையில் கிடந்த ஒரு பழைய சக்கரத்தை மாட்டித் தட்டினார். ‘டொக்’ என்றது. அவ்வளவுதான். யாரோ வாயைப் பொத்தினாற்போல் சத்தம் அங்கேயே செத்தது.

“இது வார்ப்பிரும்பு. பழைய வண்டியில எல்லாம் இதுதான். தடியா இருக்கறவரைக்கும் பிரச்னை இல்ல.”

“இதையே லேத்துல கடைஞ்சு, லேசாக்கி, பெயிண்ட் அடிச்சா?”

“கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. எடைகூட ஒத்துப்போகும்.” அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. “ஆனா ஆறாயிரம், ஏழாயிரம் சுத்து போனா வெடிச்சுடும் மேடம். துண்டு துண்டா, ரம்பம் மாதிரி. மேல உறையைக் கிழிச்சுக்கிட்டு வரும். அந்தப் பழைய மாடல் வண்டியில ஃப்ளைவீல் எங்க இருக்கும் தெரியுமில்ல? ஓட்டறவன் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல.”

கடைக்கும் கூடவே வந்திருந்த மெக்கானிக்கின் மனைவி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தாலும், முகத்தில் ஐந்து நாளாக இருந்த ஒரு இறுக்கம் விட்டுப்போயிருந்தது.

“சக்கரமா?” என்றாள். “அவர் எழுதினது... சக்கரத்தைப் பத்தியா?”

“ஆமாம்மா,” என்றார் சர்வேயர். “கடையில இருந்தது பாடுச்சு. கராஜுக்கு வந்தது ஊமை. அந்தத் தம்பிகிட்ட சொல்லணும்னு நினைச்சார். சொல்ல விடல.”

ரேடியோ அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான். எடுத்தான், மறுபடி வைத்தான்.

“கிடைக்கல மேடம். ஸ்விட்ச் ஆஃப்னு வருது. மணி ரெண்டே முக்கால்.”

*

மலையடிவாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர். மெக்கானிக்கின் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு சர்வேயர் ஓட்டினார். முதல் ஐந்து கிலோமீட்டர் ரேடியோ போனையே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தான்.

“கடைக்காரர்தான் மேடம்,” என்றான் கடைசியில். “போலிச் சரக்கை வித்திருக்கான். மெக்கானிக் வந்து தட்டிப் பாத்ததும் மாட்டிக்கிட்டோம்னு ஜாக்கியைத் தட்டிவிட்டுட்டான். பேசும்போது எப்படி வேர்த்துச்சு பாத்தீங்களா?”

“உனக்குக்கூடத்தான் வேர்த்திருக்கு.”

“நீங்க ஓட்டற வேகத்துக்கு நான் உக்காந்திருக்கற சீட்டுக்கே வேர்க்கும்.”

“போலி விக்கிறவன் மெக்கானிக் வந்தது, தட்டினது, முகம் வெளிறினது எல்லாத்தையும் தானா சொல்வானா?” சர்வேயர் ஒரு லாரியைத் தாண்டினார். “கடையை விட்டுப் போனப்ப அந்தச் சக்கரம் பாடுச்சு. கராஜுக்கு வந்தப்ப வாயடைச்சிருந்துச்சு. நடுவுல யார் கையில இருந்துச்சோ, அவன்தான்.”

பாதை வளைந்து மேலே ஏறத் தொடங்கியது. மேகம் கவிந்து, மதியமே மங்கிக்கொண்டு வந்தது. தூரத்தில், எங்கோ மேல் வளைவில், ஒரு இன்ஜின் உறுமி அடங்கியது. மறுபடி உறுமியது.

“மூணு அம்பது,” என்றான் ரேடியோ.

*

புறப்படும் கோட்டின்மேல் சிவப்புக் கார் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லேசான சக்கரத்துக்கே உரிய பதற்றமான ஓட்டம். நின்றுவிடுமோ என்பதுபோல் துள்ளியது. உள்ளே ஹெல்மெட்டோடு இளைஞன். அவன் கதவுக்கு வெளியே, கையில் ஸ்டாப் வாட்ச்சோடு ஒரு பெண். அவனுடைய அக்கா. பெற்றவர்கள் ஒரே விபத்தில் போனபிறகு ஒன்பது வயதில் அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தவள்.

அவள் கணவர் வண்டிக்குப் பத்தடி முன்னால், பாதையோரமாக நின்றிருந்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. பழைய சாம்பியன்.

“இந்தப் பக்கம் வந்து நில்லும்மா,” என்று மனைவியைக் கூப்பிட்டார். “அங்க நிக்காதே. புழுதி அடிக்கும்.”

அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கையை உயர்த்தினார். இளைஞனின் கால் அழுந்தியது. இன்ஜின் குரல் ஏறத் தொடங்கியது.

“நிறுத்து!”

ரேடியோவின் தொண்டை வாழ்நாளில் முதல்முறையாக உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது. அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான். மலை நிசப்தமாயிற்று.

“யாருங்க நீங்க?” என்றார் மாமா. கோபப்படவில்லை.

சர்வேயர் நாலே வாக்கியத்தில் சொன்னார். மெக்கானிக், சீட்டு, சக்கரம், ஏழாயிரம் சுற்று. இளைஞன் வண்டியிலிருந்து இறங்கி, தன் கால்களையே குனிந்து பார்த்தான்.

“அந்தக் கடைக்காரப் பாவி!” என்றார் மாமா. “நம்பித்தானே வாங்கினோம்! ஆனா பயப்படாதீங்க. நான் மாட்டறதுக்கு முன்னாடி நானே தட்டிப் பாத்தேன். நல்ல சக்கரம்தான். அந்த மெக்கானிக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

“அப்ப ஒரு வழி இருக்கு,” என்றார் சர்வேயர். “நீங்க உக்காருங்க. நிக்க வச்சே ஏழாயிரம் வரைக்கும் ஏத்திக் காட்டுங்க. நாங்க மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறோம்.”

ஒரு கணம். பிறகு அவர் சிரித்தபடி போய் உட்கார்ந்தார். சர்வேயர் எல்லோரையும் முன்பக்கம் தள்ளி நிறுத்தினார். இன்ஜின் எழுந்தது. மூவாயிரம். நாலாயிரம். ஐயாயிரத்தைத் தொட்டதும் இறங்கிவிட்டது.

“போதுமா?”

“ஏழாயிரம்னு சொன்னேன்.”

“புது கிளட்ச்சுங்க. அநாவசியமா எதுக்கு...”

“அதே புது கிளட்ச்சைத்தான் இப்ப உங்க மச்சானை முழுசா மிதிக்கச் சொன்னீங்க.” சர்வேயர் கீழே சுட்டிக்காட்டினார். “இன்னொரு விஷயம். இது தார் ரோடு. ரேஸுக்காகப் பெருக்கி விட்டிருக்காங்க. ஒரு பொட்டுத் தூசி இல்ல. கதவுப் பக்கம் நின்ன உங்க மனைவியைப் புழுதி அடிக்கும்னு எதுக்கு நகர்த்தினீங்க? சக்கரம் வெடிச்சா துண்டு பக்கவாட்டுலதான் பறக்கும். முன்னாடி வராது. அந்தக் கோட்டுல இருந்து ஒருத்தரை மட்டும் காப்பாத்தினீங்க. உள்ள உக்காந்திருந்தவனை விட்டுட்டீங்க.”

இளைஞன் வண்டியை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

அக்கா தன் கணவரைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். முன்பு நின்ற அதே இடத்துக்கு, கதவுக்கு வெளியே, முன்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி வந்து நின்றாள். இது சர்வேயர் எதிர்பார்க்காதது. ரேடியோ பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தான். உதறினாள்.

“நான் இங்கதான் நிக்கறேன்,” என்றாள் கணவரிடம். “அந்த அம்மா சொல்றது பொய்யின்னா மிதிங்க.”

“நீ தள்ளிப் போ.”

“மிதிங்க.”

“சொன்னாக் கேளு. தள்ளிப் போ!”

“பதினேழு வருஷமா நீங்க எதைச் சொன்னாலும் கேட்டேன். இன்னிக்கு நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மிதிங்க.”

அவருடைய கால் பெடலின்மேல் இருந்தது. மலையின் எல்லா வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கால். அது மெதுவாகப் பின்னுக்கு வந்தது. கை சாவியைத் திருப்பியது.

இன்ஜின் நின்றபிறகும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

“பதினோரு வருஷம்,” என்றார், கண்ணாடிக்கு வெளியே மேலே ஏறும் பாதையைப் பார்த்தபடி. “யாராலும் என் நேரத்தைத் தொட முடியல. போன மாசம் இவன் விளையாட்டா ஓட்டி ரெண்டு வினாடி குறைச்சான். இறங்கி வந்து, ‘மாமா, உங்க ரெக்கார்டை உடைச்சிட்டேன்’னு என்னையே கட்டிப்பிடிச்சான். கீழ டீக்கடையில எல்லாம் அதே பேச்சு. நான் உள்ள நுழைஞ்சதும் பேச்சை நிறுத்தினாங்க. அதுதான்... அதுதான் தாங்கல. ஒரு பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கடைஞ்சு, பெயிண்ட் அடிச்சு, புதுசுக்குப் பதிலா வச்சுட்டேன்.”

“மெக்கானிக்?” என்றார் சர்வேயர்.

“என்கிட்டதான் வந்து சொன்னான். ‘இந்தச் சக்கரம் ஊமைண்ணே, தம்பிக்குப் போடாதீங்க, நாளைக்கு நானே அவன்கிட்ட சொல்லிடறேன்’னான். என்மேல சந்தேகமே இல்ல அவனுக்கு. வேற வண்டிக்கு அடியில ஸ்டாண்டு வச்சுப் படுத்திருந்தான். ஜாக்கியால வண்டியைத் தூக்கி ஒவ்வொரு ஸ்டாண்டா எடுத்தேன். ‘என்ன சத்தம்ணே’ன்னு கேட்டான்.” அவர் நிறுத்தினார். “ஸ்டாண்டுகளைத் துடைச்சு அலமாரியில வச்சுட்டு வந்தேன்.”

ரேடியோ கையை உள்ளே விட்டுச் சாவியை உருவிக்கொண்டான்.

போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் வண்டியைப் பிரித்தபோது சர்வேயர் சக்கரத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வழவழப்பான பெயிண்டின் மேல், துளையிலிருந்து விளிம்பு நோக்கி, முடி கனத்தில் ஒரு விரிசல் மூன்று விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. ஐயாயிரத்திலேயே அது பாதி வழி போயிருந்தது.

மெக்கானிக்கின் மனைவிக்கு அவரே போன் செய்து சொன்னார். “அவர் பேர்ல இனிமே யாரும் எதுவும் சொல்ல முடியாதில்லீங்களா?” என்றாள் அவள். “முடியாதும்மா,” என்றார் சர்வேயர்.

அதெல்லாம் பிறகு. அன்று மலையில், போலீஸ் வண்டி போனபின், இளைஞன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. அக்கா வந்து அவன் முன்னால் குந்தி, தாடைக்கடியில் வாரை அவிழ்த்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் ஹெல்மெட்டை மெதுவாகத் தூக்கி எடுத்தாள். வியர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள்.

“எந்திரி. வீட்டுக்குப் போகலாம்.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“எந்த வீட்டுக்குக்கா?”

அவள் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் மலையிலிருந்து இறங்கும் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள்.